காலை எடுத்தால் ஆஃப்: எஃப்சி 150 பெட்ரோல் லாரியின் ஸ்லோ கோளாறு

மஹிந்திரா எஃப்சி 150. பெட்ரோல் வண்டி, உள்ளே இருப்பது ஜீப்பின் அதே 4 சிலிண்டர் எஃப்-ஹெட் ஹரிகேன் இன்ஜின், 2.2 லிட்டர். மேலே ஒற்றை பேரல் சோலெக்ஸ் கார்ப்பரேட்டர். இந்த ரக வண்டிகளில் பெரும்பாலானவை எப்போதோ டீசல் இன்ஜினுக்கு மாறிவிட்டன. இது மட்டும் பெட்ரோலிலேயே தங்கி, சோழவந்தான் பக்கத்துத் தோப்பிலிருந்து மேலக்கால், கோச்சடை வழியாக மதுரைக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டிருக்கிறது.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே ஆஃப் ஆகிக்கொண்டிருந்த வண்டி, இப்போது ஸ்லோவில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) 620 ஆர்.பி.எம்.மில், சோக் முழுக்க உள்ளே தள்ளி, ஹெட்லைட் எரியவிட்டு, 25 நிமிடம் தானாக ஓடுகிறது. இன்ஜின் பெட்டி மேல் வைத்த டம்ளரில் தண்ணீர் நடுங்குகிறதே தவிரத் தளும்பவில்லை. இதற்கு 6,400 ரூபாயும் ஏழு வாரமும் ஆயின. ஒழுங்கான வரிசையில் பார்த்திருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் 3,520 ரூபாயும் போதும். எந்த வரிசை தப்பு, எது சரி என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

கோளாறு இருந்த விதம்

காலையில் சோக்கை இழுத்து செல்ஃப் அடித்தால் இரண்டாவது சுற்றிலேயே பிடிக்கும். சோக் வெளியே இருக்கும்வரை நன்றாக ஓடும். சூடேறி சோக்கை உள்ளே தள்ளியதும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் தணிந்து, ஒரு 'புஸ்' சத்தத்தோடு, இரண்டு மூன்று குலுங்கலில் ஆஃப். 1,200 ஆர்.பி.எம்.முக்கு மேல் எந்தக் குறையும் இல்லை. லோடோடு ஏற்றம் ஏறும், இழுவை குறையாது, மிஸ்ஸிங் கிடையாது. காளவாசல் சிக்னலில் மட்டும் ஒரு கால் பிரேக்கில், ஒரு கால் ஆக்ஸிலேட்டரில் என்று டிரைவர் சர்க்கஸ் செய்ய வேண்டியிருந்தது.

இந்த விவரத்திலேயே பாதி பதில் இருக்கிறது. சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டுவது. பாதி சோக் இழுத்தால் ஆஃப் ஆகாமல் ஓடும் வண்டி, காற்று கூடிப்போய்ப் பெட்ரோல் போதாமல் தவிக்கிறது. கரண்ட் கோளாறென்றால் ஆஃப் ஆகும் விதமே வேறு: சுவிட்சை அணைத்த மாதிரி டக்கென்று நிற்கும், தணிந்து தணிந்து சாகாது. பெட்ரோல் அதிகமாகி நிற்கும் வண்டி கறுப்புப் புகை விடும், ஏற்ற இறக்கமாக 'லொப் லொப்' என்று ஓடும், சோக்கைத் தொட்டாலே இன்னும் மோசமாகும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க ஸ்பேனரே வேண்டாம், காது போதும்.

இன்னொரு அடையாளமும் இருந்தது. கார்ப்பரேட்டரின் அடியில், ஸ்லோவுக்குப் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகினாலும், நாலு சுற்று வெளியே விட்டாலும் இன்ஜின் கண்டுகொள்ளவில்லை. இதை முதல் நாளே பார்த்தோம். அர்த்தம் புரிய மூன்று வாரம் ஆனது.

வீணாகச் சுற்றிய மூன்று வாரம்

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். பட்டறையில், "அண்ணே, கார்ப்பைக் கழட்டிக் கழுவுனா எல்லாஞ் சரியாப் போகும்ணே" என்றார்கள். கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, ஜெட்டுகளில் காற்றடித்து மாட்டியபின் வண்டி ஸ்லோவில் ஆஃப் ஆகாமல் ஓடியது. 600 ரூபாய். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஸ்லோ ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று கூட்டி வைத்திருந்தது தெரிந்தது. அதாவது ஸ்லோவை 1,100-க்கு ஏற்றி, நோயை மறைத்திருக்கிறார்கள். அதன் பலனாகப் புதிதாக இரண்டு தொல்லை: முதல் கியர் போடும்போது 'கர்ர்' என்று கடித்தது, சாவியை அணைத்தபின்னும் இன்ஜின் நாலைந்து சுற்று இருமிக்கொண்டு ஓடியது.

ஸ்லோ ஸ்க்ரூவை இப்படிக் கூட்டினால், காற்றுப் பாதையைத் திறந்து மூடும் திராட்டில் தட்டு தன் இடத்தை விட்டு மேலேறிவிடும். தட்டின் ஓரத்துக்கு அருகில் பேரல் சுவரில் ஊசிமுனை அளவுக்குச் சிறு துளைகள் உண்டு. ஸ்லோவிலிருந்து ரேசிங்குக்கு மாறும் நேரத்தில் பெட்ரோல் தருவதற்கானவை அவை. தட்டு ஸ்லோவிலேயே அவற்றைத் தாண்டித் திறந்திருந்தால், இன்ஜின் அந்தத் துளைகளிலிருந்தே குடித்துக்கொள்ளும். மிக்சர் ஸ்க்ரூவின் பேச்சு எடுபடாது. மிக்சர் ஸ்க்ரூ வேலை செய்யவில்லை என்று கார்ப்பரேட்டரையே மாற்றச் சொல்கிறவர்கள், முதலில் ஸ்லோ ஸ்க்ரூ எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்க்கலாம்.

அடுத்து கார்ப்பரேட்டர் கிட், 750 ரூபாய். உள்ளே நீடில் வால்வு, பம்ப் டயாப்ரம், பேக்கிங்குகள், வாஷர்கள். கிட்டில் வந்த அடிப் பேக்கிங் பழையதைவிட இரண்டு மடங்கு தடிமன். தடித்தது நல்லதுதானே என்று போட்டோம். அது செய்த கேடு பின்னால் வருகிறது.

மூன்றாவது, பிளக்குக்குக் கரண்டை உயர்த்தித் தரும் காயில். சூடானபின் தானே ஆஃப் ஆகிறது, காயில் சூட்டில் பலவீனமாகிறது என்று ஒரு யோசனை. புதுக் காயில் 1,150 ரூபாய். ஒரு மாற்றமும் இல்லை. மேலே சொன்ன 'தணிந்து சாகிறதா, டக்கென்று நிற்கிறதா' என்ற கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தச் செலவு மிஞ்சியிருக்கும். பழைய காயில் இப்போது டூல்ஸ் பெட்டியில் ஸ்பேராகக் கிடக்கிறது.

நான்காவது, பெட்ரோல் பம்ப் டயாப்ரம், 380. இதை முழு வீண் என்று சொல்ல மாட்டேன். பழைய ரப்பர் துணி உப்பிப்போய், விளிம்பில் கொழகொழவென்று இருந்தது. இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர்கள் தாங்குவதில்லை. எப்படியும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் பம்ப் பலவீனமென்றால் ஏற்றத்தில் முழு லோடில் திணறும், ஸ்லோவில் ஆஃப் ஆகாது. ஸ்லோவுக்கு வேண்டிய பெட்ரோல் சொட்டுக் கணக்கு. அதற்குப் பாதி செத்த பம்ப்கூடப் போதும்.

வேக்குவம் மீட்டர் வந்தபின்

நான்காவது வாரம், இன்ஜின் உறிஞ்சும் பலத்தை அளக்கும் வேக்குவம் மீட்டர் ஒன்று வாங்கினோம், ரப்பர் குழாயோடு 950 ரூபாய். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது. இந்த இன்ஜினில் உறிஞ்சும் பாதை தனி மேனிஃபோல்டாக இல்லை, ஹெட்டோடு சேர்த்து வார்க்கப்பட்டது. கார்ப்பரேட்டர் நேரே ஹெட் மேல் உட்காருகிறது. அதற்குப் பக்கத்தில் பழைய வேக்குவம் வைப்பருக்கு விட்ட துளை ஒன்று போல்ட் போட்டு மூடியிருந்தது. அதில் நிப்பிள் மாட்டி மீட்டரை இணைத்தோம்.

பிசிவி குழாயில் (இன்ஜினுக்குள் கசியும் புகையைத் திருப்பி உறிஞ்சும் குழாய், விவரம் பின்னால்) 'டி' போட்டு மீட்டர் வைக்கலாமே என்று முதலில் அப்படித்தான் செய்தோம். அது தவறு. ஏற்கெனவே காற்று ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் முள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். காற்று ஓடாத, அடைத்த துளையில்தான் வைக்க வேண்டும்.

நல்ல நிலையில் உள்ள இன்ஜின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்ட வேண்டும், முள் ஆடாமல் நிற்க வேண்டும். மதுரை கடல் மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை, அதனால் இங்கே கழிவு எதுவும் போட வேண்டியதில்லை. கொடைக்கானலில் வைத்துப் பார்த்தால் ஆறேழு அங்குலம் குறைவாகக் காட்டும், அது கோளாறல்ல.

எங்கள் முள் 950 ஆர்.பி.எம்.மில் 11-ல் நின்றது. அதோடு ஒரே சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்று இரண்டு அங்குலம் கீழே விழுந்து எழுந்தது. ஒரே மீட்டரில் இரண்டு நோய்: சீராக விழும் முள், ஏதோ ஒரு வால்வு சரியாக அமரவில்லை என்கிறது, மொத்தமாகத் தாழ்ந்து நிற்பது, எங்கோ காற்று நுழைகிறது அல்லது டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருக்கிறது என்கிறது.

கம்ப்ரஷன் பார்த்தோம். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து, நாலு பிளக்கையும் கழற்றி: 114, 116, 98, 115 பி.எஸ்.ஐ. மூன்றாவது சிலிண்டர் தனியாகத் தெரிந்தது. கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார்த்தும் ஏறவில்லை, ஆகவே ரிங் அல்ல, வால்வு.

எஃப்-ஹெட் இன்ஜினில் உறிஞ்சும் வால்வுகள் மேலே ஹெட்டில், புகை வால்வுகள் கீழே பிளாக்கில். ராக்கர் கவரைத் திறந்து மேலே உள்ள நாலுக்கு மட்டும் ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போட்டுவிட்டு 'டேப்பெட் அடித்தாயிற்று', அதாவது வால்வு இடைவெளி வைத்தாயிற்று என்று மூடிவிடுவது இந்த வண்டிகளுக்கு நேரும் வழக்கமான அநியாயம். புகை வால்வுகளுக்கு இன்ஜினின் இடப்பக்கம், சைலன்ஸர் மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பக்கவாட்டுக் கவரைத் திறக்க வேண்டும். எஃப்சி-யில் இன்ஜின் கேபினுக்குள் பெட்டிக்கடியில் இருப்பதால் சீட்டையும் தூக்க வேண்டும். இன்ஜின் ஆறிய நிலையில் அளவு: உறிஞ்சும் வால்வு 18 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 18 பங்கு, 0.46 மி.மீ.), புகை வால்வு 16 தௌ (0.41 மி.மீ.). மேலே நாலும் ஏறக்குறைய சரி. கீழே மூன்றாவது சிலிண்டரில் 6 தௌ ஃபீலர்கூட இறுக்கமாகத்தான் போனது. வால்வு சூட்டில் நீளும்போது இடைவெளியே இல்லாமல் சீட்டை விட்டு எழும்பி நின்றிருக்கிறது. இன்னும் ஓட்டியிருந்தால் வால்வு எரிந்திருக்கும். இதற்கு மெல்லிய டேப்பெட் ஸ்பேனர் இரண்டு வேண்டும், சாதாரண டி.இ. (இரட்டை முனை) ஸ்பேனர் தடிமனுக்கு நுழையாது. பழைய ஸ்பேனர் ஒன்றை கிரைண்டரில் தேய்த்து மெல்லியதாக்கிக்கொண்டோம்.

கூடவே டெல்கோவை (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்) திறந்து, உள்ளே கரண்டை விட்டு விட்டு வெட்டும் பாயிண்டைப் பார்த்தோம். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம், கேப் 0.3 மி.மீ. புது பாயிண்டும் கன்டென்சரும் 320 ரூபாய், கேப் 20 தௌ (0.5 மி.மீ.), பிளக் கேப் 30 தௌ (0.75 மி.மீ.). பாயிண்ட் கேப் குறைந்தால் டைமிங்கும் பின்னே போகும். டைமிங் லைட்டில் குறி டி.டி.சி.யிலேயே (பிஸ்டன் உச்சியைத் தொடும் இடம்) நின்றது, இருக்க வேண்டியது டி.டி.சி.க்கு 5 டிகிரி முன்னால். பாயிண்டை முதலில் வைத்துவிட்டுத்தான் டைமிங் வைக்க வேண்டும், மாற்றிச் செய்தால் இரண்டு தடவை வேலை.

இதெல்லாம் முடிந்தபின் முள் துடிப்பு அறவே நின்றது. 13 அங்குலத்தில் அசையாமல் நின்றது. வண்டியும் காலை எடுத்தால் முன்போலவே ஆஃப் ஆகி அசையாமல் நின்றது.

முதல் ஓட்டை: பிசிவி

13-ல் உறுதியாக நிற்கும் முள் என்றால் இனி காற்றுதான். எங்கே என்று தேட வேண்டும். பிசிவி குழாயை மூக்குப் பிளேயரால் துணி சுற்றி நசுக்கினோம். இன்ஜின் சத்தம் உடனே கெட்டியானது, முள் 15.5-க்கு ஏறியது. நசுக்கியதை விட்டால் திரும்பவும் 13.

இந்தக் குழாய், எரியறையிலிருந்து ரிங்கைத் தாண்டிக் கசியும் புகையை டேப்பெட் அறையிலிருந்து உறிஞ்சி இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது. நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு வால்வு உண்டு. ஸ்லோவில் உறிஞ்சல் பலமாக இருக்கும்போது அது பெரும்பாலும் மூடிக்கொண்டு கொஞ்சம் காற்றை மட்டும் விடும். ரேசிங்கில் திறந்து நிறைய விடும். நாங்கள் கழற்றிய பித்தளை வால்வுக்குள் ஸ்பிரிங்கும் இல்லை, ஊசியும் இல்லை. என்றைக்கோ யாரோ, அடைத்துக்கொண்டது என்று உள்ளே இருந்ததை எடுத்துப்போட்டுவிட்டு வெறும் கூட்டை மாட்டியிருக்கிறார்கள். 7 மி.மீ. ஓட்டை, நேரே இன்ஜினுக்குள்.

இதைக் கழற்றாமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியை எடுத்துவிட்டு ஒரு விசிட்டிங் கார்டை வைத்தால், நல்ல நிலையில் அது லேசாக ஒட்டும். எங்கள் வண்டியில் கார்டு நடுவில் குழிந்து, பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. கார்ப்பரேட்டரின் அடித்தட்டு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததற்கும் இதுதான் காரணம். நாலு மாதத்தில் ஒரு லிட்டர் எண்ணெய் குறைந்ததற்கும் இதில் பங்குண்டு.

மூலப் பாகம் கிடைக்கவில்லை. மாருதி 800-க்கு வரும் பிசிவி வால்வை, குழாய்க்கு ஒரு அடாப்டர் கடைந்து மாட்டினோம். வால்வு 220, குழாயும் கிளிப்பும் 140. 800 சிசி இன்ஜினுக்கானது என்பதால் ரேசிங்கில் போதுமான அளவு உறிஞ்சுமா என்ற சந்தேகம் இருந்தது. இரண்டு மாதம் ஓட்டியும் எண்ணெய் வாயில் புகை தள்ளவில்லை, சீலில் கசிவும் இல்லை. ரிங் தேய்ந்த இன்ஜினுக்கு இந்த வால்வு போதாமல் போகலாம்.

இரண்டாவது ஓட்டை: நாங்களே உண்டாக்கியது

வால்வு மாட்டியபின் 15.5. இன்னும் இரண்டு அங்குலம் எங்கோ போகிறது. கார்ப்பரேட்டர் அடியில் சோப்புத் தண்ணீரைத் துணியால் பிழிந்துவிட்டால், கசியும் இடத்தில் 'சுர்ர்' என்று உறிஞ்சி, இன்ஜின் ஒரு நொடி தடுமாறும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே இன்னும் தெளிவாகக் காட்டும், சுற்று கூடும். ஆனால் இந்த இன்ஜினில் கார்ப்பரேட்டருக்கு நேர் கீழே சைலன்ஸர் மேனிஃபோல்டு பழுக்கச் சூடாக இருக்கிறது, கேபினுக்குள் வேறு. சூடான நிலையில் அங்கே ஸ்ப்ரே அடிப்பது நெருப்போடு விளையாட்டு. வெந்நீர் பதத்துக்கு ஆறியபின் ஸ்டார்ட் செய்து, தேவையான அளவு மட்டும், பக்கத்தில் ஈரச் சாக்கு வைத்துக்கொண்டு அடித்தோம்.

இரண்டு காது போல்ட்டுக்கு நடுவே இரண்டு பக்கமும் கசிவு. கழற்றி, அடிப்பக்கத்தின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் இடைவெளி தெரிந்தது. 0.20 மி.மீ. ஃபீலர் தாராளமாகப் போனது. கிட்டில் வந்த தடித்த பேக்கிங்தான் குற்றவாளி. மெத்தென்ற பேக்கிங் மேல் இரண்டே இரண்டு நட்டை இறுக்கினால் இரண்டு காதும் கீழே வளையும், நடு வயிறு மேலே எழும். கார்ப்பரேட்டர் உடல் வார்ப்புத் துத்தநாகக் கலப்பு, இரும்பல்ல. ஒவ்வொரு முறை கசியும்போதும் இன்னும் கொஞ்சம் இறுக்கினோம். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் வளைந்தது.

கண்ணாடி மேசை மேல் 240 நம்பர் எமரி ஷீட்டை ஒட்டி, மண்ணெண்ணெய் விட்டு, எட்டு போட்ட மாதிரி தேய்த்தோம். தேய்க்கும் முன் அடிப்பரப்பு முழுக்க மார்க்கர் பேனாவால் கிறுக்கிவிட வேண்டும். மை எல்லா இடத்திலும் போனால் சமம் வந்துவிட்டது என்று அர்த்தம். முக்கால் மணி நேரம். காதுப் பக்கம்தான் முதலில் பளபளத்தது, நடுவில் மை கடைசிவரை நின்றது. ஹெட் பக்கத்து முகத்தையும் ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், சரியாக இருந்தது. இடையில் உள்ள சூடு தடுக்கும் தடித்த துண்டை எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கும். 0.5 மி.மீ. பேக்கிங் பேப்பர் வெட்டி அதன் இரு பக்கமும் வைத்து, நட்டுகளை மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கினோம். ஷெல்லாக் போடவில்லை. எமரியும் பேப்பரும் 90 ரூபாய். முள் 16.5.

மூன்றாவது ஓட்டை: ஸ்பிண்டில்

திராட்டில் தட்டைத் தாங்கும் ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் 'டக் டக்' என்று கைக்குத் தட்டுப்பட்டது. முதல் நாள் கார்ப்பரேட்டர் கழுவும்போதே இந்த ஆட்டம் இருந்தது. 'பழைய வண்டின்னா இருக்கத்தான்ணே செய்யும்' என்று விட்டுவிட்டோம்.

மைக்ரோமீட்டர் கணக்கு: ஸ்பிண்டில் தேயாத நடுப்பகுதியில் 7.98 மி.மீ., ஆக்ஸிலேட்டர் லிங்க் இழுக்கும் பக்கத்து முனையில் 7.81. அந்தப் பக்கத் துளை நீள்வட்டமாகி, அகலமான இடத்தில் 8.30. கிட்டத்தட்ட அரை மில்லி இடைவெளி, திராட்டில் தட்டுக்குக் கீழே, உறிஞ்சல் முழு பலத்தோடு இருக்கும் இடத்தில். மோசம் என்னவென்றால் இந்த ஓட்டை ஒரே அளவில் இருக்காது. காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்பிண்டில் வேறொரு இடத்தில் உட்காரும், தட்டும் வேறொரு கோணத்தில் மூடும். ஒருமுறை நின்று ஓடி, மறுமுறை ஆஃப் ஆன மர்மம் இதுதான். ஸ்லோ செட்டிங் நிலைக்கவில்லை என்று திரும்பத் திரும்ப ஸ்க்ரூவைத் திருகுகிறவர்கள் ஸ்பிண்டிலை ஒருமுறை ஆட்டிப் பார்க்கலாம்.

கே.புதூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத்தில் கொடுத்தோம். புது ஸ்பிண்டிலும் இரண்டு புஷ்ஷும் சேர்த்து 1,400 ரூபாய். கொடுக்கும் முன் நாமே செய்ய வேண்டியவை உண்டு. தட்டின் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருக்கும், திருப்பிப் போட்டால் மூடாது. ஆகவே மேல்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று கீறிக் குறி வைக்க வேண்டும். தட்டைப் பிடிக்கும் இரண்டு குட்டி ஸ்க்ரூக்களின் பின்முனை அடித்து விரிக்கப்பட்டிருக்கும். அதை அரத்தால் தேய்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அப்படியே திருகினால் ஸ்பிண்டிலின் மரை போய்விடும். எங்களுக்கு ஒரு ஸ்க்ரூ தலை போயே விட்டது, துளையிட்டு எடுத்தோம்.

லேத்தில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: இரண்டு பக்கத் துளையையும் ஒரே பிடிப்பில், ஒரே ரீமர் (துளையைத் துல்லியமாக விரிக்கும் கருவி) ஓட்டத்தில் 10 மி.மீ. ஆக்க வேண்டும். ஒரு பக்கம் போட்டு, திருப்பிப் பிடித்து மறுபக்கம் போட்டால் இரண்டும் ஒரே கோட்டில் வராது, ஸ்பிண்டில் இறுகும். வெண்கல புஷ் அடித்தபின் உள்ளே 8.02-க்கு ரீமர், ஸ்பிண்டில் 7.99 சில்வர் ஸ்டீல் ராடு. புஷ்ஷின் உள்முனை பேரலுக்குள் துருத்தக் கூடாது, தட்டு இடிக்கும்.

தட்டைத் திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூக்களைத் தளர்வாக வைத்து, ஸ்பிண்டிலைச் சட்டென மூட வேண்டும். தட்டு தானாக நடுவில் உட்காரும். வெயிலை நோக்கித் தூக்கிப் பார்த்தால் சுற்றிலும் முடி போன்ற ஒரே சீரான வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிறை மாதிரி தெரிந்தால் திரும்பவும் தளர்த்த வேண்டும். எங்களுக்கு ஆறாவது முயற்சியில் சரியானது. பிறகு ஸ்க்ரூவுக்கு லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி, பின்முனையில் லேசாக ஒரு தட்டு. இந்த ஸ்க்ரூ கழன்றால் நேரே சிலிண்டருக்குள்தான் போகும்.

மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஸ்லோ 1,000-க்கு எகிறியது. ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைக்கக் குறைக்க இறங்கி, 650-ல் நின்று ஓடியது. முள் 18.5. மிக்சர் ஸ்க்ரூவைத் திருகினால் இன்ஜின் பேசியது.

ஜெட்டும் செட்டிங்கும்

மிக்சர் ஸ்க்ரூ மூன்றரைச் சுற்று வெளியே வந்தால்தான் இன்ஜின் இனிமையாக ஓடியது. அவ்வளவு வெளியே வைத்தால் அதிர்வில் ஸ்க்ரூ நகரும். காரணம் பெட்ரோல். சுத்தப் பெட்ரோலின் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் அந்தக் கணக்கு சுமார் 13.5-க்கு இறங்குகிறது. அதே ஜெட்டில் அதே அளவு பெட்ரோல் போனாலும், இன்ஜினுக்கு அது 8 சதவீதம் பற்றாக்குறை. ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டில் 50 என்று அடித்திருந்தது. 55 வாங்கிப் போட்டோம், 120 ரூபாய். மிக்சர் ஸ்க்ரூ இரண்டு சுற்றுக்கு வந்தது. மெயின் ஜெட்டைத் தொடவில்லை. லோடில் பிளக் நிறம் இளம் பழுப்பாகவே இருந்தது. ஊசியோ கம்பியோ ஜெட்டுக்குள் விட்டுக் குத்துகிற பழக்கம் இருந்தால் இந்த நம்பர்களுக்கெல்லாம் அர்த்தமில்லை.

செட்டிங் வைத்த முறை: 15 நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடேறிய வண்டி, ஏர் கிளீனர் மாட்டிய நிலை, சோக் முழுக்க உள்ளே. ஸ்லோ ஸ்க்ரூவில் 650 வைத்து, மிக்சர் ஸ்க்ரூவை முள் உச்சத்தைத் தொடும்வரை கால் கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு திருகலுக்கும் பத்து நொடி பொறுத்து. சுற்று ஏறினால் ஸ்லோவைக் குறைத்து மறுபடி. கடைசியில் மிக்சரை ஒரு இம்மி உள்ளே. 620 ஆர்.பி.எம்., 19 அங்குலம். ஏர் கிளீனர் இல்லாமல் வைத்துவிட்டு அப்புறம் மாட்டினால் 40 சுற்று வித்தியாசம் வந்தது.

கடைசியாக மிஞ்சியது

எல்லாம் சரி என்று லோடு ஏற்றி அனுப்பியபின் ஒரே ஒரு புகார்: திடீர் பிரேக் போட்டால் மட்டும் ஆஃப். மெதுவாக நிறுத்தினால் ஒன்றுமில்லை. இது கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்தின் கோளாறு. கார்ப்பரேட்டர் மேல்மூடியைத் திறந்தபோது, மிதவை எழும்பியதும் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வுக்கு அடியில் இரண்டு வாஷர் இருந்தன. ஒன்று பழசு, ஒன்று கிட்டில் வந்தது. பழசு மூடியோடு ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் மேலேயே புதுசைப் போட்டிருக்கிறோம். சோலெக்ஸில் மிதவை மட்டத்தைத் தீர்மானிப்பதே அந்த வாஷரின் தடிமன்தான். இரண்டு போட்டால் வால்வு கீழே இறங்கும், மிதவை சீக்கிரமே அடைத்துவிடும், பெட்ரோல் மட்டம் தாழும். கிண்ணத்தின் விளிம்பிலிருந்து பெட்ரோல் வரை ஆழம் அளந்தால் 23 மி.மீ. இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு 1 மி.மீ. வாஷர் ஒன்று மட்டும் போட்டபின் 19.5. பிரேக்கில் பெட்ரோல் முன்பக்கம் சாயும்போதும் ஜெட் இப்போது வெளியே தெரிவதில்லை. மிக்சர் ஸ்க்ரூவை இன்னொரு கால் சுற்று உள்ளே விட வேண்டி வந்தது.

செலவு: வேக்குவம் மீட்டர் 950, பாயிண்ட், கன்டென்சர் 320, ராக்கர் கவர், பக்கவாட்டுக் கவர் பேக்கிங் 260, பிசிவி வால்வும் குழாயும் 360, எமரி, பேப்பர் 90, லேத் 1,400, ஜெட் 120, வாஷர் 20. மொத்தம் 3,520. முதல் மூன்று வாரத்தில் போனது 2,880.

அடுத்த முறை இப்படி ஒரு வண்டி வந்தால் முதலில் மீட்டர், அடுத்து பிசிவி குழாயை நசுக்கல், ஸ்பிண்டிலை ஆட்டல், அதன்பின் இரண்டு பக்க டேப்பெட், பாயிண்ட், டைமிங். இத்தனைக்கும் பிறகுதான் கார்ப்பரேட்டர் மூடியைத் திறப்பது. கிட்டில் வரும் அடிப் பேக்கிங்கைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டு பேப்பரில் நாமே வெட்டிக்கொள்வது. ஸ்பிண்டில் வெளிமுனையில் ஒரு ஃபெல்ட் வளையம் வைத்திருக்கலாம், தோப்பு மண் புஷ்ஷுக்குள் போகாமல் இருந்திருக்கும். அதை இப்போது செய்யவில்லை. லிங்க் ராடின் இழுப்பு இன்னும் கொஞ்சம் சாய்வாகத்தான் இருக்கிறது, புஷ் மறுபடி அந்தப் பக்கமே தேயும். அதற்கு பிராக்கெட்டை அரை அங்குலம் தள்ளி வெல்ட் செய்ய வேண்டும், தேங்காய் சீசன் முடியட்டும் என்று வைத்திருக்கிறோம்.